நாடாவிலே பிறந்த முதற்பாட்டு

கேள்வி: ‘நியூ வேவ்’ இசைக் குழுவொன்று தன் முதற்பாட்டையே கேசட்டில் வெளியிட்டதாமே, அதில் என்ன விசேஷம்?

பதில்: தாங்கள் குறிப்பிடுவது லண்டனில் தோன்றிய ‘பௌ வௌ வௌ’ குழுவாகவே இருக்கவேண்டும். மால்கம் மெக்லாரனின் நிர்வாகத்தில், ‘ஆடம் அண்டு தி ஆண்ட்ஸ்’ குழுவினின்று பிரிந்துவந்த மூன்று வாத்தியக்காரர்களுடன், ரங்கூனில் பிறந்த அனபெல்லா லுவின் என்னும் பதினான்கு வயதுகூட நிரம்பாத சிறுமி பாடிய ‘சி-30, சி-60, சி-90, கோ!’ என்ற பாட்டு, 1980 ஜூலையில் இசைத்தட்டாக மட்டுமன்றிக் கேசட்டாகவும் வெளிவந்தது. ஒற்றைப் பாட்டுக்கென்றே கேசட் வெளியிடும் வழக்கத்துக்கு அதுவே முன்னோடி.

அவ்வெண்கள் வெற்றுக் கேசட்டின் கால அளவைக் குறிப்பன. சி-60 என்றால் பக்கத்துக்கு அரைமணி; சி-90 என்றால் முக்கால் மணி, அதே சிறு கூட்டுக்குள் நீளம் அதிகம் அடங்கவேண்டியிருப்பதால் நாடாவும் அதற்கேற்ப மெலிந்துவிடும். வீட்டிலிருந்தபடியே பாட்டைப் பதிவுசெய்துகொள்ளும் ஆனந்தத்தை, இசைத்தட்டு வியாபாரிகள் அதைக் கண்டு கலங்கிய காலத்திலே பாடியதுதான் அதன் தீரம், வெளியிட்ட இ.எம்.ஐ. கம்பெனியும் அவ்வியாபாரிகளுள் ஒன்றே.

ஆயினும், என் அபிப்பிராயத்தில், அதே ஆண்டு நவம்பரில் வந்த அக்குழுவின் ‘யுவர் கேசட் பெட்’ அதனினும் சிரேஷ்டமானது. எட்டுப் பாட்டுகள், கேசட்டில் மட்டுமே கிடைத்தது, சிகரெட்டுப் பெட்டியைப்போல் மூடியைத் தூக்கித் திறக்கும் அட்டைப் பெட்டி. ஆப்பிரிக்காவின் புருண்டி நாட்டுத் தாளத்தைத் தழுவிய அந்த முரசோசை, நாடாவுக்கே இயல்பான மெல்லிய இரைச்சலைக் கிழித்துக்கொண்டு எழும்போது, நம் விரல்கள் தாமாகவே மேஜையில் தாளமிடத் தொடங்கிவிடுகின்றன.