18 நாள் துணை வேட்பாளர்

அடுத்த மாதம் எங்கள் பல்கலைக்கழக இந்து சங்கத்தின் ஆண்டுக்கூட்டம். தலைவர் பதவிக்கு நான் நிற்கிறேன். துணைத்தலைவர் பெயரையும் நானே கொடுக்க வேண்டும். என் ரூம்மேட் பெயர்தான் முதலில் மனசில் வந்தது. நம்மாளு, இதுல யோசிக்க என்ன இருக்கு?

அப்புறம் திருக்குறளில் 51-ஆம் அதிகாரம், 'தெரிந்து தெளிதல்' படித்தேன். ஆராயாமல் நம்புவது, நம்பிய பிறகு சந்தேகப்படுவது, இரண்டுமே தீராத துன்பம் என்கிறது கடைசிக் குறள். இந்த இரண்டையும் மூன்றே வாரத்துக்குள் செய்தவர் ஒருவர் உண்டு: அமெரிக்காவின் ஜார்ஜ் மெக்கவர்ன்.

1972 ஜூலை. மயாமி கடற்கரையில் ஜனநாயகக் கட்சி மாநாடு. வேட்பாளர் போட்டியில் மெக்கவர்ன் ஜெயித்தார். மறுநாளே துணை அதிபர் வேட்பாளரை அறிவித்தாக வேண்டும். எட்வர்ட் கென்னடி மறுத்தார். இன்னும் சிலரும் மறுத்தார்கள். மணி ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் மிசூரி செனட்டர் தாமஸ் ஈகிள்டனுக்கு ஒரு போன். மறைக்க வேண்டிய பழைய விஷயம் ஏதாவது இருக்கிறதா என்று உதவியாளர் கேட்டார். இல்லை என்றார் ஈகிள்டன். அவ்வளவுதான் விசாரணை! லேப்பில் ஒரு சிமெண்ட் கட்டியைக்கூட நாங்கள் இதைவிட நன்றாகச் சோதிப்போம்.

சில நாட்களிலேயே உண்மை வந்தது. மன அழுத்தத்துக்காக 1960-க்கும் 1966-க்கும் இடையே ஈகிள்டன் மூன்று முறை மருத்துவமனையில் இருந்திருக்கிறார். மின் அதிர்ச்சி சிகிச்சையும் பெற்றிருக்கிறார். "ஆயிரம் சதவீதம் அவர் பக்கம்" என்றார் மெக்கவர்ன். ஆனால் பத்திரிகைகளும் கட்சிக்காரர்களும் நெருக்க, அவரே பின்வாங்கினார். ஜூலை 31-ல் ஈகிள்டன் விலகினார். நவம்பரில் நிக்சனுக்கு 49 மாநிலங்கள். ஈகிள்டன் இருந்திருந்தாலும் மெக்கவர்ன் தோற்றிருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த ஆயிரம் சதவீதத்துக்குப் பிறகு அவர் வார்த்தையை யார் நம்புவது?

நோய் வந்தது ஈகிள்டனின் குற்றமில்லை. சொன்னால் ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம்தான் அவர் வாயைக் கட்டியிருக்கும். நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது? இத்தனைக்கும் மிசூரி மக்கள் எல்லாம் தெரிந்த பிறகும் 1974-ல் அவரை மறுபடி செனட்டுக்கு அனுப்பினார்கள்.

1976-ல் ஜிம்மி கார்ட்டர் அவசரப்படவில்லை. சிலரை ஜார்ஜியாவில் தன் சொந்த ஊருக்கே வரவழைத்துப் பேசினார். அப்படி வந்த வால்டர் மொண்டேலைத் தேர்ந்தெடுத்தார். ஜெயித்ததும் வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதியிலேயே அவருக்கு அலுவலகம் கொடுத்தார்.

போன வாரம் ரூம்மேட்டை தே தாரிக் குடிக்கக் கூப்பிட்டேன். "எனக்குத் தெரிய வேண்டியது ஏதாச்சும் இருக்காடா? இருந்தாலும் உன்னை விட மாட்டேன்" என்று கேட்டேன். ரொம்ப நேரம் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். "ரெண்டு பேப்பர் பெயில். வீட்டுக்கு இன்னும் சொல்லல."

பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். தேர்வு முடியும்வரை வெள்ளிக்கிழமை பஜனை ஏற்பாடு என் பொறுப்பு. அவன் அம்மாவிடம் சொல்லும்போது நானும் கூடப் போகிறேன்.