கெப் வண்டியின் பைபர் மூடிக்கு ஜன்னல் மாற்றுவது எப்படி?

தோட்டத்து கெப் வண்டிகளுக்குப் பின்னால் பூட்டியிருக்கும் பைபர் மூடியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உர மூட்டை போவதும் அதற்குள்ளேதான். அவசரத்துக்கு நோயாளியும், பிள்ளைத்தாய்ச்சியும், கூடப் போகிறவர்களும் ஏறுவதும் அதற்குள்ளேதான். அதன் ஜன்னல் உடைந்தால் உரப் பையை வெட்டி டேப் ஒட்டிச் சமாளிக்கிறோம். "கொஞ்சம் மழை அடிக்கும், அவ்வளவுதானே" என்ற நினைப்பு. மழையை விட மோசமான ஒன்று அந்த இடைவெளியால் உள்ளே வருகிறது. அதுதான் சைலன்சர் புகை.

வண்டி ஓடும்போது பின்பக்கத்தில் காற்று சுழன்று புகையை மூடிக்குள் இழுக்கும். அதிலுள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முதலில் தலையிடி, தலைச்சுற்று, வாந்தி. பிறகு நித்திரை மாதிரி மயக்கம். மலைப்பாதை வளைவில் வரும் வாந்திதானே என்று நாமும் விட்டுவிடுவோம். அமெரிக்காவின் சியாட்டல் நகர டொக்டர்மார் 1992இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கெப் வண்டிகளின் பின்னால் போய் இந்தப் புகை பட்ட 20 பிள்ளைகளைப் பற்றியது அது. அவர்களில் 17 பேர் இருந்தது இப்படியான மூடிக்குள்ளே. 15 பேர் மயங்கினார்கள், ஒரு பிள்ளை இறந்துபோனது. அந்த வண்டிகளில் ஒன்றில் சைலன்சர் ஓட்டை, இல்லாவிட்டால் குழாய் நேரே பின்பக்கம் பார்த்து இருந்திருக்கிறது.

ஆகவே கராஜ் வேலை தெரிந்த தம்பிமார் இதைக் கவனமாகச் செய்யுங்கள்.

பழைய றப்பரையும் காய்ந்துபோன சிலிக்கனையும் முழுக்கச் சுரண்டி எடுங்கள். பழசின் மேலே புதுசைப் பூசினால் ஒரு மழைக்கும் தாங்காது. பைபர் விளிம்பில் வெடிப்பு இருந்தால் முதலில் பைபர் பாயும் ரெசினும் போட்டு அடைத்து, நன்றாக இறுகிய பிறகு நீர்த்தாளால் நனைத்துத் தேயுங்கள். காய்ந்தபடி தேய்த்தால் தூள் பறந்து உடம்பெல்லாம் அரிக்கும், நெஞ்சுக்கும் கூடாது. மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

அடுத்தது அளவு. பிழைக்கிற இடம் இதுதான். அடிமட்டத்தை நம்பாமல், மட்டையை ஓட்டையில் வைத்து மூலை வளைவோடு வரைந்து வெட்டுங்கள். றப்பர் பீடிங்கின் நடுச்சுவர் எவ்வளவு தடிப்போ, அந்த அளவு சுற்றிவரக் குறையுங்கள். லயத்து ஜன்னலுக்குப் போடும் சாதாரண கண்ணாடி வேண்டவே வேண்டாம். உடைந்தால் கத்தி மாதிரி இறங்கும். வண்டிக்கென்றே சூடேற்றிச் செய்த கண்ணாடியைப் பிறகு வெட்டவோ தேய்க்கவோ முடியாது, நொறுங்கிப்போகும். அதனால் மட்டையைக் கொடுத்தே சொல்லிச் செய்ய வேண்டும். அக்ரிலிக் தகடு என்றால் செலவு குறைவு, ஆனால் கீறல் விழும். தின்னர், பெற்றோல் படக்கூடாது.

றப்பரைக் கண்ணாடியைச் சுற்றிப் போடுங்கள். நீளத்தை இழுத்து அளக்காதீர்கள், அரை அங்குலம் கூட விட்டு வெட்டி நெருக்கிச் சேருங்கள். பிறகு வெளிப்பள்ளத்தில் ஒரு நைலோன் கயிற்றைச் சுற்றி, இரண்டு முனையையும் உள்பக்கம் வருகிற மாதிரி விடுங்கள். சோப்புத் தண்ணீர் தடவுங்கள். எண்ணெயோ, கிரீசோ, மண்ணெண்ணெயோ பட்டால் றப்பர் ஊதிக் கெட்டுவிடும். ஒருவர் வெளியே நின்று உள்ளங்கையால் அமர்த்த, மற்றவர் உள்ளேயிருந்து கயிற்றை மெதுவாக இழுத்தால் றப்பர் உதடு பைபர் விளிம்பின் மேலே தானே ஏறி உட்காரும். சோப்பைக் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு றப்பருக்கும் பைபருக்கும் நடுவே சிலிக்கன் விடுங்கள். மழை விடாத நாட்களில் மேட்டு நிலத் தோட்டங்களில் கூரைக்குக் கீழே வைத்துச் செய்வதே நல்லது. ஒரு நாள் வண்டியை எடுக்காதீர்கள், துரை கேட்டாலும்.

சோதிக்கும்போது தண்ணீரைக் கீழிருந்து மேலாக அடியுங்கள், எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று தெரியும். இரவில் உள்ளே டோர்ச் பிடித்தால் வெளியே வெளிச்சக் கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள். பின்கதவில் ஒரு கடதாசியை வைத்து மூடி இழுங்கள். லேசாக வந்துவிட்டால் அந்த றப்பரும் போய்விட்டது.

ஜன்னலை எவ்வளவு நன்றாக அடைத்தாலும் சைலன்சர் ஓட்டையாக இருந்தால் அடித்தட்டுத் துளைகளால் புகை ஏறும். அதைச் சரிசெய்யும் வரை மூடிக்குள் ஆளை ஏற்ற வேண்டாம், முன் சீட்டில் வையுங்கள். யாராவது தலையிடி, மயக்கம் என்றால் உடனே நிறுத்தி வெளிக்காற்றுக்கு இறக்குங்கள். ஆஸ்பத்திரியில் "வண்டிப் புகை பட்டது" என்று டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.