எந்த நோய்க்கு, எதனுடன், எத்தனை நாள்?

அக்குபங்சரில் குணம் தெரியுமா என்று கேட்கும் நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் நான் முதலில் சொல்வது, கேள்வியைப் பிரித்துக் கேளுங்கள் என்பதுதான். சீன வைத்தியம் என்ற ஒரே பெயருக்குள் ஊசி குத்துவது, மூலிகையைக் கொளுத்திச் சூடு காட்டுவது, கப்பிங், கஷாயம், பொடி, நாடி பார்த்து நோய் சொல்வது எல்லாம் அடங்கிக் கிடக்கின்றன. ஒன்றுக்குக் கிடைத்த சான்று மற்றொன்றுக்குச் சேராது. ஒன்றில் கண்ட கெடுதலை மற்றொன்றின் தலையில் கட்டவும் கூடாது. எந்த நோய்க்கு, எந்தச் சிகிச்சையோடு சேர்த்து, எத்தனை நாளைக்கு என்ற மூன்றையும் முதல் நாளே தெளிவாக்கிக்கொண்டவர்களுக்கு அக்குபங்சர் நல்ல துணை. தெளிவாக்கிக்கொள்ளாதவர்களுக்கு நேரும் இழப்பு பெரும்பாலும் ஊசியால் வருவதில்லை. ஊசியை நம்பி நிறுத்திய மருந்தாலும், ஊசியோடு சேர்த்து வாங்கிய பொட்டலத்தாலும் வருகிறது.

முதலில் எந்த நோய்க்கு என்பதைப் பார்ப்போம். இதில் ஜெர்மனியின் அனுபவம் மற்ற நாடுகளுக்கும் உதவக்கூடியது. அங்குள்ள மருத்துவக் காப்பீட்டு நிதியங்கள் அக்குபங்சருக்குத் தொடர்ந்து பணம் கொடுப்பதா என்று தீர்மானிப்பதற்காகப் பெரிய ஆய்வுகளை நடத்தவைத்தன. 2007இல் வெளியான அவற்றில் ஒன்று, நாள்பட்ட கீழ்முதுகு வலியுள்ள 1,162 பேரை மூன்றாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்குச் சீன முறைப்படி உரிய புள்ளிகளில் ஊசி. இரண்டாம் பிரிவுக்குப் புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்திய போலி ஊசி. மூன்றாம் பிரிவுக்கு மருந்து, பிசியோதெரபி, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்து நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் முதல் பிரிவில் 47.6 விழுக்காடு, போலி ஊசியில் 44.2, வழக்கமான சிகிச்சையில் 27.4. இடுப்புவலியோடு ஆண்டுக்கணக்கில் வாழும் ஒருவருக்கு முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் உள்ள இடைவெளி சின்னதல்ல. இதழில் அச்சாகும் முன்பே கைக்குக் கிடைத்த முடிவுகளை வைத்து, கீழ்முதுகு வலிக்கும் முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கும் 2006இலேயே ஜெர்மனி காப்பீட்டில் இடம் கொடுத்துவிட்டது. வேறு எத்தனையோ நோய்களின் பெயர்களைப் பலகையில் எழுதிவைப்பவர்களும் இந்த ஆய்வுகளையே காட்டுகிறார்கள். ஆனால் அவற்றை வைத்துக் காப்பீட்டில் இடம் கிடைத்தது இந்த இரண்டு வலிகளுக்கு மட்டும்தான்.

போலி ஊசிக்கும் ஏறக்குறைய அதே பலன் என்றால் எல்லாம் மனப்பிரமைதானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. 29 ஆய்வுகளில் கலந்துகொண்ட 17,922 நோயாளிகளின் விவரங்களை ஒருவர் விடாமல் சேர்த்துப் பார்த்த அலசல் ஒன்று 2012இல் வந்தது. அதன் முடிவை எளிதாகச் சொன்னால் இப்படி: நூற்றுக்கு 60 என்ற அளவில் இருந்த வலி, அக்குபங்சர் இல்லாதவர்களுக்கு 43க்கும், போலி ஊசி பெற்றவர்களுக்கு 35க்கும், முறையான ஊசி பெற்றவர்களுக்கு 30க்கும் இறங்கும். ஆக, முறையான ஊசிக்கென்று தனியாக ஒரு பலன் உண்டு, ஆனால் அது சிறியது. மீதி எல்லாம் தோலில் படும் குத்தல், அரைமணி நேர ஓய்வு, அக்கறையான விசாரிப்பு, நம்பிக்கை ஆகியவற்றின் கூட்டுப்பலன். பிரிட்டனின் வழிகாட்டுதல் அமைப்பான நைஸ் இதே சிக்கலில் இரு பக்கமும் நின்றிருக்கிறது. 2009இல் முதுகுவலிக்குப் பரிந்துரைத்தது, 2016இல் போலி ஊசியைவிடப் பெரிதாக மேலில்லை என்று திரும்பப் பெற்றது, 2021இல் வேறு காரணம் காட்ட முடியாத நாள்பட்ட வலிக்கு ஒரு சுற்று கொடுத்துப் பார்க்கலாம் என்றது. நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் எனக்கு இதில் முரண் தெரியவில்லை. வலி குறைந்தது உண்மை, மாத்திரையின் எண்ணிக்கை குறைந்தது உண்மை. எதனால் குறைந்தது என்பது ஆராய்ச்சியாளரின் கவலை. ஆனால் இதிலிருந்து குடும்பத்தார் கைக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. புள்ளி எது என்பது இவ்வளவு குறைவாகவே கணக்கில் வருமானால், எனக்கு மட்டுமே தெரிந்த ரகசியப் புள்ளி என்று சொல்லி இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கட்டணம் கேட்பவருக்குக் கொடுக்கக் காரணமே இல்லை. சுத்தமாக, பொறுமையாக, பக்கத்தில் இருப்பவர் போதும்.

அடுத்தது, எத்தனை நாள். சிகிச்சை தொடங்கும் அன்றே முடியும் தேதியையும் பேசிவிட வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு 2020 முதல் அக்குபங்சரை ஏற்கிறது. 90 நாளில் 12 முறை, முன்னேற்றம் இருந்தால் மேலும் 8 முறை, இல்லாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். பிரிட்டனில் ஒற்றைத் தலைவலியைத் தடுக்கச் சொல்லப்படுவது ஐந்து முதல் எட்டு வாரங்களுக்குள் பத்து முறை வரை. இந்த வரம்புகளை நம் ஊரிலும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். தொடங்குவதற்கு முன் ஒரு வாரமும் பிறகு ஒவ்வொரு வாரமும் நோட்டில் எழுதுங்கள்: நூற்றுக்கு எத்தனை வலி, எத்தனை மணி நேரத் தூக்கம், எத்தனை வலி மாத்திரை, எவ்வளவு தூரம் உட்காராமல் நடக்க முடிந்தது. வலி ஏறி இறங்குவது இயல்பு. தாங்கமுடியாத நாளில் ஓடிப்போய் ஊசி போட்டுக்கொண்டவருக்கு அடுத்த வாரம் குறைவது ஊசியில்லாமலும் நடந்திருக்கலாம். நோட்டு இல்லாவிட்டால், கொடுத்த காசே குணம் தெரிகிறது என்று சொல்லவைத்துவிடும்.

எதனுடன் என்ற கேள்வியில்தான் உயிர்கள் போகின்றன. ஆஸ்பத்திரியில் இரண்டு நிமிடம்கூட எங்களைப் பார்ப்பதில்லை, இங்கே உட்காரவைத்து எல்லாம் கேட்கிறார்கள் என்று குடும்பங்கள் சொல்வது உண்மை, அந்தக் குறையைப் போக்க மருத்துவத் துறை எதுவும் செய்யாததில் எனக்கும் கோபம் உண்டு. ஆனாலும் காதுகொடுத்துக் கேட்பவர் சொல்வதெல்லாம் சரியாகிவிடாது. இங்கிலீஷ் மருந்தை நிறுத்தினால்தான் ஊசி பிடிக்கும் என்ற நிபந்தனை காதில் விழுந்தால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள். குழந்தைப் பருவத்திலேயே வரும் சர்க்கரை நோயில் இன்சுலினை நிறுத்தினால் சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து. வலிப்பு மருந்தைத் திடீரென்று விட்டால் வலிப்பு அடுக்கடுக்காக வரலாம். புற்றுநோயில் கணக்கே இருக்கிறது: குணப்படுத்தும் சிகிச்சையை மறுத்து மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய 281 அமெரிக்க நோயாளிகளை ஆராய்ந்து 2018இல் வெளியான கட்டுரை, அவர்களுக்கு மரண அபாயம் இரண்டரை மடங்கு என்று கண்டது. அதே புற்றுநோயில், சிகிச்சையோடு சேர்ந்து நிற்கும் ஊசிக்கு இடமுண்டு. மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் மாத்திரைகளால் வரும் மூட்டு வலியை அது ஓரளவு தணித்ததை 2018இலேயே இன்னொரு ஆய்வு 226 பெண்களிடம் பார்த்தது. நாடி பிடித்தாலே போதும், ஸ்கேன் எதற்கு என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு: முதுகுவலியோடு காய்ச்சல், எடை குறைவு, கால் பலவீனம், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போவது, மறைவிடத்தில் மரத்துப்போவது ஆகியவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவமனை. தண்டுவட நரம்புகள் நசுங்கியிருந்தால் மணிக்கணக்கில் தாமதிப்பதே நிரந்தர ஊனமாகலாம்.

ஊசியைப் பொறுத்தவரை பயம் தேவையில்லை, கவனம் போதும். ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளைக் கவனித்த ஆய்வில் 8.6 விழுக்காட்டினருக்கு ஏதாவதொரு தொந்தரவு இருந்தது, பெரும்பாலும் சிறு ரத்தக்கசிவு, வலி. நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுந்தது இரண்டு பேருக்கு. அதனால் தோள், மேல்முதுகு, மார்பில் ஊசி போட்ட பிறகு மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். உறையை உங்கள் கண்முன் பிரித்து ஒரே தடவை பயன்படுத்தும் ஊசிதானா என்று பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர், கர்ப்பிணி, கீமோவில் ரத்த அணுக்கள் குறைந்திருப்பவர் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் ஊசிக்குப் போக வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கு மின்சாரம் பாய்ச்சும் ஊசியும் அப்படியே. இந்திய அரசு 2019இல் அக்குபங்சரை அங்கீகரித்தது முறைக்குக் கிடைத்த அங்கீகாரம். எதிரில் உட்கார்ந்திருப்பவர் எங்கே, எத்தனை ஆண்டு படித்தார் என்பதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பொடியும் கஷாயமும் வேறு விஷயம். இயற்கையானது, பக்கவிளைவு கிடையாது என்பதற்குப் பதிலாகப் பிரஸல்ஸ் நகரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 1990களின் தொடக்கத்தில் அங்கே உடல் இளைக்கவைக்கும் கிளினிக் ஒன்றில் சீன மூலிகை சேர்த்த மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழக்கத் தொடங்கியது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் நூறு பேர். ஃபாங் ஜி என்று சீனாவில் இரண்டு வேறு செடிகளின் வேரைச் சொல்வார்கள். ஒன்றின் இடத்தில் அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்த மற்றது வந்துசேர்ந்துவிட்டது. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்ததோடு நிற்கவில்லை. பின்னர் 39 பேருக்குச் சிறுநீரகத்தையும் சிறுநீர்க் குழாயையும் அகற்றிப் பார்த்தபோது 18 பேரிடம் புற்றுநோய் இருந்தது. இதே இனத்துச் செடிகள்தான் நம்முடைய ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும், இவற்றிலும் அந்த அமிலம் உண்டு. ஆகவே இது சீனரின் குறை என்று ஒதுக்க நமக்கு உரிமையில்லை. புராஸ்டேட் புற்றுநோய்க்கு மூலிகைக் கலவை என்று அமெரிக்காவில் விற்ற பிசி-ஸ்பெஸ் 2002இல் திரும்பப் பெறப்பட்டது, உள்ளே ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரினும் செயற்கைப் பெண் ஹார்மோனும் கலந்திருந்தன. கலப்படமே இல்லாத டான்ஷென் என்ற சீன வேர்கூட, வார்ஃபரின் சாப்பிடும் இதய நோயாளிக்கு ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடியது.

இரண்டாயிரம் ஆண்டு அனுபவத்தைத் தூக்கி எறிவதா என்பது மிச்சமிருக்கும் கேள்வி. எறிய வேண்டியதில்லை, சீன விஞ்ஞானி டு யூயூ எறியவில்லை. மலேரியாவுக்கு மருந்து தேடிய அவர் நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கெ ஹொங்கின் குறிப்பில், செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருப்பதைக் கவனித்தார். கொதிக்கவைப்பதே மருந்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரால் சாறெடுத்தார். விலங்குகளில் சோதித்து, 1972இல் தானும் சக ஆய்வாளர்களும் முதலில் உட்கொண்டு பார்த்து, பிறகே நோயாளிகளுக்குக் கொடுத்தார். ஆர்டிமிசினின் வந்தது அப்படி, 2015இல் நோபல் பரிசும். பழைய நூல்களில் இருந்த வேறு பல நூறு குறிப்புகளையும் அவருடைய குழு சோதித்து ஒதுக்கியது. மரபுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை நான் அறியேன்.

எனவே லேபிள் இல்லாத பொட்டலம் எதையும் வீட்டுக்குள் விடாதீர்கள். சேர்ந்திருக்கும் ஒவ்வொரு மூலிகையின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள், தர மறுத்தால் வாங்க வேண்டாம். மாதக்கணக்கில் சாப்பிடுபவருக்குச் சிறுநீரகம், ஈரல் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். டாக்டர் திட்டுவார் என்று மறைப்பதுதான் வீடுகளில் அதிகம் நடக்கிறது. திட்டினாலும் பரவாயில்லை, எழுதிய தாளை அவர் மேசையில் வையுங்கள். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் அதைக் காட்டி, எதை எத்தனை நாள் முன்னதாக நிறுத்த வேண்டும் என்று கேட்டு எழுதிவாங்கிக்கொள்ளுங்கள். ஜின்செங், பூண்டு மாத்திரை போன்றவற்றை இரண்டு வாரம் முன்பே விடச் சொல்வது வழக்கம்.