கிரவுண்டுக்கு எப்போது போவது?

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் போகும் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது மிரளவைக்கும் வேகம் இல்லை. 100 மீட்டருக்கு 28 வினாடி. 400 மீட்டர் டிராக்கில் ஒரு ரவுண்டுக்கு 1 நிமிடம் 52 வினாடி. நோய்நொடி இல்லாத இருபது வயதுக்காரர் பெரும்பாலோர் சில மாதப் பயிற்சியில் எட்டக்கூடிய இலக்குதான். இருந்தும் எழுத்துத் தேர்வில் நன்றாகச் செய்தவர்கள் பலர் இங்கே வந்து தவறவிடுகிறார்கள். சோம்பலால் தவறவிடுகிறவர்களை நான் பெரிதாகக் கண்டதில்லை. ரிசல்ட் வந்த மறுநாளே கிரவுண்டில் இறங்கி, தினமும் முழு மூச்சாக 1,500 மீட்டரை ஓடி, சில வாரங்களில் முன்னங்கால் எலும்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறவர்களே என் கண்ணில் அதிகம் படுகிறார்கள். அவர்களிடம் உழைப்புக்குக் குறைவில்லை. நாள்தான் போதவில்லை. பயிற்சியின் அடிப்படை விதிகளில் எதை எடுத்துக்கொண்டாலும் அது கடைசியில் காலத்தையே கேட்கிறது என்பது என் வாதம்.

பழகியதைவிடச் சற்றுக் கூடுதலான சுமையைக் கொடுத்தால், அடுத்து வரும் ஓய்வில் உடல் தன்னைத் திருத்திக்கொள்கிறது. இது எல்லோருக்கும் தெரிந்த விதி. பலரும் கவனிக்காதது, உடலின் எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் திருந்துவதில்லை என்பது. ஓடத் தொடங்கி ஓரிரு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடிவிடும்; இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தைத் தள்ளும்; மூச்சிரைப்பு குறையும். ஓடுகிறவருக்கு 'செட் ஆகிவிட்டது' என்று தோன்றுவது இந்தக் கட்டத்தில்தான். எலும்பின் கதை வேறு. புதிய சுமைக்கு ஏற்ப மாறும்போது அது முதலில் பழைய திசுவை அரித்து எடுக்கிறது, அதற்குப் பிறகே புதியதை இட்டு நிரப்புகிறது. ஓரிடத்தில் இந்த வேலை முடிய மூன்று நான்கு மாதம் ஆகும். நடுவில் சில வாரங்கள் எலும்பு முன்பிருந்ததைவிடப் பலவீனமாகவே இருக்கும். தசைநாண்களும் மெதுவாகவே உரமேறும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று வேகத்தைக் கூட்டுகிறவர், எலும்பு மிகவும் இளகியிருக்கும் நேரத்தில் அதன் மேல் அதிகச் சுமையை ஏற்றுகிறார். முன்னங்கால் வலி பலருக்கும் ஏறத்தாழ ஒரே கட்டத்தில் வருவது இதனால்தான்.

'மெதுவாக ஓடிப் பழகினால் மெதுவாகத்தானே ஓட வரும்?' என்று கேட்பார்கள். எதைப் பழகுகிறோமோ அதுவே கைவரும் என்ற இன்னொரு விதியிலிருந்து வருகிற நியாயமான கேள்வி இது. ஆனால் ஏழு நிமிட ஓட்டம் உடலிடம் கேட்பது என்ன என்று பார்க்க வேண்டும். அதற்கான ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆக்சிஜனைக் கொண்டே உருவாகிறது. அந்த ஏற்பாட்டை வளர்க்கப் பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் போதும்; அடுத்த நாளைக்குக் காலும் மிச்சமிருக்கும். வேகமும் தேவைதான். அதற்கு வாரத்தில் ஒரு நாள், அடித்தளம் அமைந்த பின் இரண்டு நாள், 400 மீட்டரை 1 நிமிடம் 50 வினாடியில் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மறுபடியும் ஓடுங்கள். இப்படி நான்கு ரவுண்டு போதும். இதில் இன்னொரு லாபம், தேர்வு வேகம் எப்படி இருக்கும் என்பது காலுக்குப் பழகிவிடும். முதல் ரவுண்டை ஒன்றரை நிமிடத்தில் பறந்து முடித்துவிட்டு மூன்றாவது ரவுண்டில் நடப்பது, தகுதி இருந்தும் தோற்பதற்கு நிச்சயமான வழி. முழு 1,500 மீட்டரையும் நேரம் பார்த்து ஓடுவதை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளலாம். தினமும் பரீட்சை எழுதிக்கொண்டே இருந்தால் படிப்பது எப்போது?

இந்தத் தேர்வில் வரும் கயிறு ஏறுவதிலும் இதே அவசரம்தான். ஏற முடியாதவர் தினமும் கயிற்றைப் பிடித்துத் தொங்கி, உள்ளங்கையை உரித்துக்கொண்டு திரும்புகிறார். இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த வீரர்களின் கால் தசைகளைத் தேற்றிய அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம் 1940-களில் காட்டிய வழி நேர்மாறானது. பத்து முறை தூக்க முடிகிற எடை எது என்று முதலில் கண்டுபிடி; பலம் ஏற ஏற எடையைக் கூட்டு. கயிற்றுக்கும் அப்படியே. காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கம்பியில் இழுப்பது, பிறகு கால் தூக்கித் தொங்குவது, பிறகு முழு புல்-அப், அதற்குப் பிறகு கயிறு. முதல் சில வாரங்களில் தெரியும் முன்னேற்றத்தில் பெரும்பகுதி நரம்புகள் தசையை ஏவக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை பெருப்பது பின்னால்தான்.

'நம் தாத்தாக்கள் எந்த விதியைப் படித்தார்கள்? ஏர் பிடித்தார்கள், மூட்டை தூக்கினார்கள், உரமாக இருந்தார்களே' என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. அவர்களும் அதே விதிகளின்படிதான் உரமானார்கள், பெயர் சொல்லாமல். சிறு வயதில் சிறிய சுமை, வயது ஏறப் பெரிய சுமை என்று பத்துப் பதினைந்து ஆண்டு கூட்டிக்கொண்டே போனார்கள். நாற்காலியில் உட்கார்ந்து படித்த பையனிடம் அதை இரண்டு மாதத்தில் கேட்கக் கூடாது.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. ஓடும் தூரத்தை வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். நெதர்லாந்தில் புதிதாக ஓடத் தொடங்கிய ஐந்நூற்றுச் சொச்சம் பேரை வைத்து நடத்தி 2008-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த அளவில் 13 வாரம் கூட்டியவர்களும் வழக்கமான 8 வாரத் திட்டத்தில் ஓடியவர்களும் ஏறக்குறைய சமமாகவே அடிபட்டார்கள். இரு தரப்பிலும் ஐந்தில் ஒருவருக்கு. அப்படியானால் படிப்படியாகக் கூட்டுவதே வீண் வேலையா? நான் அப்படிப் படிக்கவில்லை. இரு தரப்புமே படிப்படியாகத்தான் கூட்டினார்கள். முதல் நாளே உச்ச வேகத்தில் ஓடியவர்கள் அதில் யாரும் இல்லை. அந்த ஆய்வு உடைத்தது 10 என்ற எண்ணின் மந்திரத்தை மட்டுமே. எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எண் இருக்க வாய்ப்பும் குறைவு. 'ஹெரிட்டேஜ்' குடும்ப ஆய்வில் ஒரே மாதிரியான 20 வாரப் பயிற்சிக்குப் பிறகு சிலருக்கு உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வரை கூடியது. சிலருக்கு அநேகமாக அசையவே இல்லை. நாற்பது பேரை ஒரே விசிலில் ஓடவிடும் அகாடமிகள் இதை யோசிக்க வேண்டும். ஓடுகிறவருக்கு அளவுகோல் அவருடைய காலே. எலும்பின் ஓர் இடத்தில் விரல் வைத்தால் வலித்து, காலையில் எழும்போதும் அந்த வலி இருந்தால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

'முன்கூட்டியே தொடங்கினால், ரிசல்ட் தள்ளிப்போகும்போது உழைத்ததெல்லாம் வீணாகாதா' என்ற பயமும் உண்டு. விட்டால் இறங்கும் என்பது உண்மை. 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸில் ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தபோது, ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கு மேல் சரிந்தது. ஆனால் ஏறியதைக் காப்பாற்ற, ஏற்றியபோது பட்ட பாடு தேவையில்லை. வாரம் ஆறு நாள் பயிற்சி செய்தவர்கள் அதை இரண்டு நாளாகக் குறைத்தும், அந்த நாட்களின் வேகத்தை மட்டும் குறைக்காமல் வைத்திருந்ததால், 15 வாரம் வரை திறன் இறங்கவில்லை என்று 1981-ல் ஹிக்சன் என்ற ஆய்வாளரின் குழுவினர் காட்டினார்கள். எழுத்துத் தேர்வு நெருங்கும் மாதங்களில் வாரம் இரண்டு காலை ஒதுக்குவது யாருக்கும் முடியும். விண்ணப்பம் போட்ட வாரத்திலேயே கிரவுண்டுக்குப் போய் மெதுவாக ஓடத் தொடங்குங்கள். கடைசி இரண்டு மாதத்தை வேகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.