நேரும் மறையும்

நுழையும்முன்

விடை எட்டு வகைப்படும். அவற்றுள் உடன்பட்டுக் கூறுவது நேர்விடை. மறுத்துக் கூறுவது மறைவிடை. இவ்விரண்டை மட்டுமே ஏற்கும் தரவினம் ஒன்று கணினி மொழிகளில் உண்டு. கணித அறிஞர் ஜார்ஜ் பூலின் பெயரால் அது ‘பூலியன்’ எனப்படுகிறது. மெய், பொய் என்பன அதன் மதிப்புகள்.

அணையின் வினா

தேனி மாவட்டம் ஆண்டிபட்டிக்கு அருகில் அமைந்த வைகை அணை 1959இல் திறக்கப்பட்டது. அதன் முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியை எட்டியதும் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள அபாய எச்சரிக்கை விடுக்கப்படும், 68.5 அடியில் இரண்டாவதும் 69 அடியில் மூன்றாவதும் தொடரும்.

முதல் எச்சரிக்கைக்குப் பி.எச்.பி. மொழியில் நிரல் எழுதுவதாகக் கொள்வோம். ‘அணை’ என்பது வகுப்பு. ‘நீர்மட்டம்’ அதன் பண்பு. ‘எச்சரிக்கைவேண்டுமா’ என்பது அதன் செயற்கூறு. இம்மொழி தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும். ‘ஆ’ என முடியும் பெயரே வினாவாக நிற்பதால், விடை நேராகவோ மறையாகவோ அமைய வேண்டும். ‘நீர்மட்டம் 66 அல்லது அதற்கு மேலா?’ என்னும் ஒப்பீடு தானே மெய் அல்லது பொய்யைத் தரும். அதனை ‘ரிட்டர்ன்’ கட்டளையால் அப்படியே திருப்பி அனுப்பலாம்.

வேடமிட்ட விடை

செயற்கூறு பொய்க்கு மாறாக ‘இல்லை’ என்னும் சொல்லை அனுப்பினால் என்ன நேரும்? வெற்றுச் சரமும் ‘0’ என்னும் சரமும் நீங்கலாக எல்லாச் சரங்களையும் பி.எச்.பி. மெய்யாகவே கொள்ளும். ஆகவே ‘இல்லை’ என்றாலும் எச்சரிக்கை ஒலிக்கும். இதனைத் தடுக்க, திருப்பி அனுப்பும் தரவினத்தை ‘பூல்’ என அறிவித்து, கண்டிப்பான தரவின முறையையும் கோப்பின் தொடக்கத்தில் குறிப்பிடுதல் நன்று. அப்போது பொருந்தாத விடை பிழையென நிறுத்தப்படும்.

அறியாமை மறையன்று

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. அளவுகருவி பழுதாகி நீர்மட்டம் வெற்று மதிப்பாக நின்றால், அதனை 66உடன் ஒப்பிடும் பி.எச்.பி. ‘பொய்’ என்றே விடை தரும். தரவினம் சரியானதால் பிழையும் தோன்றாது. ‘அளவு தெரியவில்லை’ என்பது ‘வெள்ளமில்லை’ என மாறிவிடும்; கரையில் உறங்குவோர்க்கு எச்சரிக்கை எட்டாது. எனவே, மதிப்பு உள்ளதா என முதலில் சோதித்து, இல்லையெனில் விதிவிலக்கை எழுப்பி மனிதரை அழைப்பதே முறை. விடையறிந்தபோது மட்டுமே ஆம், இல்லை எனக் கூறுதல் நிரலுக்கும் அறமாகும்.

கற்பவை கற்றபின்

1. மூன்றாம் எச்சரிக்கைக்குரிய செயற்கூற்றுக்கு வினாவாக அமையும் பெயர் சூட்டி, அதன் ஒப்பீட்டை எழுதுக.
2. ‘தெரியவில்லை’ என்பதை ‘இல்லை’ எனக் கொள்வதால் நேரும் தீங்கை, அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் வகுப்பில் கலந்துரையாடுக.