சுக்கான் பிடிக்கும் முன்

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடலில் வருடத்தின் பெரும்பகுதி மணல்தான். மோட்டார் படகு ஆசை வந்தால் காஞ்சிபுரத்துக்காரர்கள் முட்டுக்காட்டுக்குத்தான் போகவேண்டும். அங்கே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாமில் ஓட்டுநர் இருப்பார். நண்பர் படகிலோ சொந்தப் படகிலோ சுக்கான் உங்கள் கைக்கு வந்தால்?

முதலில் கரையிலேயே ஆளை எண்ணுங்கள். படகில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்கு மேல் ஒரு குழந்தைகூடக் கூடாது. 'மடியில் வைத்துக்கொள்கிறேன்' என்பது பஸ்ஸில் செல்லும், தண்ணீரில் செல்லாது. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேரைப் பலிகொண்ட படகில் அளவுக்கு மீறிய கூட்டம், பொழுதும் சாய்ந்திருந்தது.

லைஃப் ஜாக்கெட்டை ஏறுமுன்பே மாட்டி வார்களை இறுக்குங்கள். தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அளவு பெரிது. பட்டுப்புடவை கசங்கும் என்று கழற்றிவைப்பவர்களை இறக்கிவிடத் தயங்கவேண்டாம்.

பெட்ரோல் ஊற்றும்போது எஞ்சின் அணைந்திருக்கட்டும், எல்லோரும் கரையில் நிற்கட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தேங்கிவிடும். வாசனை போகும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பிறகு கில் சுவிட்ச் கயிற்றை மணிக்கட்டில் மாட்டுங்கள். நீங்கள் தவறி விழுந்தால் எஞ்சின் தானாக நிற்கும். இல்லையென்றால் ஆளில்லாப் படகு வட்டமடித்து உங்கள் மேலேயே வரக்கூடும்.

கிளம்பியபின் யாரும் எழுந்து நிற்கக்கூடாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில், விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்தபோது பெரிய படகே கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். செல்ஃபிக்கும் இதே கணக்குதான்.

எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்குங்கள். சாலைப் பழக்கத்தில் கை இடப்பக்கம் போகும், கவனம். முந்துகிறவர்தான் விலகிப் போகவேண்டும். முட்டுக்காடு போன்ற கழிமுகங்களில் மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆழம் தெரியாத இடத்தில் மெதுவாகப் போங்கள், கடலைத் தொடும் முகத்துவாரத்தை நெருங்காதீர்கள்.

யாராவது விழுந்தால் உடனே நியூட்ரல். படகின் முன்பகுதியான அணியத்தை அவர் விழுந்த பக்கமே திருப்புங்கள். பின்பகுதியும் புரொப்பெல்லரும் அவரை விட்டு விலகும். மெல்லக் கிட்டே வந்து, எஞ்சினை அணைத்த பிறகே தூக்குங்கள். மற்றவர்கள் எதிர்ப்பக்கம் தாழ உட்காரட்டும்.

படகு கவிழ்ந்துவிட்டால், கரை பக்கத்தில் தெரிந்தாலும் நீந்தப் பார்க்காதீர்கள். படகைப் பிடித்தபடி மிதந்திருங்கள். போன் நீர்புகா உறையில் கழுத்தில் தொங்கினால்தான் அப்போது உதவும்: கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554.