கூட்டுப் பண்ணையமும் கைபேசிச் செய்திக் குழுவும்

பயிர்த்தொழில் ஒருவர் தனித்து நின்று நடத்தக்கூடியதன்று. மதகு திறப்பதும், முறைநீர் பாய்ச்சுவதும், பூச்சியைத் தடுப்பதும் பலர் ஒத்து நடந்தாலன்றிக் கைகூடா. ஒத்து நடப்பதற்குச் செய்தி எல்லோரையும் உரிய காலத்தில் எட்டுதல் வேண்டும். தலைமடையார் மட்டும் அறிந்த செய்தி, தலைமடையிலேயே நின்றுவிட்ட நீரைப் போன்றதாகும்.

தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், சிறு, குறு விவசாயிகள் 20 பேர் ஓர் ஆர்வலர் குழுவாகவும், அத்தகைய 5 குழுக்கள் சேர்ந்து 100 அங்கத்தினர் கொண்ட உற்பத்தியாளர் குழுவாகவும் அமைக்கப்பட்டன. பொதுவில் பண்ணைக் கருவிகள் வாங்குவதற்கென உற்பத்தியாளர் குழு ஒன்றுக்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதியும் அளிக்கப்பட்டது. பொதுக் கருவி இருக்குமிடத்தில், அது இன்று யார் வயலில் இருக்கிறது, நாளை யாருக்கு என்னும் கேள்வி தினந்தோறும் எழும். இதற்காகப் பலர் வாட்ஸ்அப் குழு அமைத்துக் கொள்கின்றனர். குழு அமைப்பது எளிது. அதை முறையாக நடத்துவதே அரிது.

பெரிய கம்பெனிக் காரியாலயங்களில் இதற்கென்றே ஸ்லாக் (2014), மைக்ரோசாப்ட் டீம்ஸ் (2017) முதலிய சாதனங்கள் வழக்கத்திற்கு வந்தன. அவற்றில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிச் சேனல், அதாவது வாய்க்கால், உண்டு. பொதுச் சேனலில் நடந்த பேச்சைப் புதிதாக வேலைக்கு வந்தவரும் பின்னர் படித்தறியலாம். தனிக் கடிதத்தில் மறைந்து போகும் விடை, பொதுவில் எழுதப்பட்டால் பலருக்குப் பயன்படும் என்பதே அதன் தத்துவம். இத்தத்துவத்தை நான் நஷ்டப்பட்டே கற்றுக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன், என் பார்வையிலிருந்த ஒரு கிராமத்தில் மக்காச்சோளத்திற் படைப்புழு கண்டது. இப்புழு இந்தியாவில் 2018-ஆம் ஆண்டு கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. முட்டையினின்று 2, 3 நாட்களில் வெளிவரும் இளம்புழு இலையின் பச்சையைச் சுரண்டித் தின்னும். அப்பருவத்தில் அடக்குவது எளிது. வளர்ந்தபின் குருத்தினுள் புகுந்து தன் கழிவாலேயே மறைந்துகொள்ளும். அப்போது மருந்து உட்செல்வது கடினம். வசதியுள்ள நிலச்சொந்தக்காரர் ஒருவர் சுரண்டிய இலையின் படத்தை எனக்குத் தனியே அனுப்பினார். நானும் செய்ய வேண்டியதைத் தனியே எழுதினேன். அவர் பயிர் தப்பியது. குழுவில் ஒரு வரி எழுத எனக்குத் தோன்றவில்லை. பத்து நாட்களுக்குப் பின் நான் அங்கே சென்றபோது, அடுத்த வரப்புக்கு அப்பால் ஓர் அம்மையாரின் ஒன்றரை ஏக்கரில் புழு குருத்துக்குள் இறங்கியிருந்தது. "ஐயா, அவருக்குச் சொன்ன வார்த்தையை எங்களுக்கும் சொல்லியிருக்கலாமே" என்றார். மறுமொழி கூற என்னால் இயலவில்லை.

அதுமுதல் நாங்கள் கைக்கொண்டு வரும் முறைகள் பின்வருமாறு:

1. பலருக்குப் பயன்படும் கேள்வியைக் குழுவிலேயே கேட்க வேண்டும். தனியே கேட்டாலும், கேட்டவர் பெயரை விடுத்து விடையைக் குழுவில் எழுத வேண்டும். கடன், நோய், குடும்ப வழக்கு முதலியவை தனிப்பேச்சிலேயே இருக்கட்டும்.

2. வானிலை, அரசாங்க அறிவிப்பு ஆகியவற்றிற்கு நிர்வாகிகள் மட்டும் எழுதக்கூடிய குழு ஒன்று. கருவி முறைக்கு ஒன்று. பயிர்ச் சந்தேகங்களுக்கு ஒன்று. இம்மூன்றுக்கு மேல் வேண்டாம். வாழ்த்துப் படங்களும் ஊர்பேர் தெரியாத செய்திகளும் நிறைந்தால், அவசரச் செய்தி அவற்றினடியில் புதைந்துபோம்.

3. கருவி கேட்பவர் தேதி, வயல், தேவையான நேரம் ஆகியவற்றைக் குழுவில் எழுத வேண்டும். டீக்கடையிலோ தொலைபேசியிலோ செய்த முடிவை அன்று மாலையே அங்கே பதிய வேண்டும். எழுதாத முடிவு முடிவாகாது.

4. எழுத்து வாசிக்க இயலாதவருக்காக முக்கியமான அறிவிப்பைக் குரற்செய்தியாகவும் அனுப்புக. பயிர்ப் படத்துடன் பயிரின் வயதையும் தெரிவிக்க வேண்டும்.

5. பொது முடிவுக்கு ஒரு முழுநாள் அவகாசம் அளிக்கவும். பெண்களும் கூலிவேலைக்குச் செல்வோரும் இரவிலேதான் கைபேசியைப் பார்க்கின்றனர். காலையில் எழுதி மத்தியானத்தில் முடித்துவிட்டால், அவர்கள் கருத்துக்கு இடமில்லை. சிறுகேள்வி கேட்டவரை நகைப்பதும் கூடாது; ஒருமுறை நகைக்கப்பட்டவர் மறுமுறை கேட்கமாட்டார்.

6. இத்தகைய குழுவில் ஒருவரது எண் மற்ற அங்கத்தினருக்குத் தெரியவரும். ஆதலால், முக்கியமாகப் பெண்களை, அவர்தம் சம்மதம் பெற்றே சேர்க்க வேண்டும்.

7. கைபேசி இல்லாதவர் பெயர்களை ஒரு ஜாபிதாவாக எழுதி, ஒவ்வொருவருக்கும் செய்தி சொல்லும் பொறுப்பை ஓர் அண்டை வயற்காரரிடம் ஒப்படைக்கவும். தண்டோரா வழக்கத்தை நிறுத்தும்படி 2022-ஆம் ஆண்டு அரசாங்கத்தார் அறிவுறுத்தினர். ஆகையால் ஒலிபெருக்கியும் ஊராட்சி அறிவிப்புப் பலகையும் உதவும்.

கிராம நிர்வாக அலுவலர்கள் இதைத் தமக்கு வேண்டாத வேலையென எண்ணலாகாது. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழை போன்ற இடம்சார்ந்த சேதத்தை 72 மணி நேரத்துக்குள் அறிவித்தல் வேண்டும். அச்செய்தி சிலர் காதில் மட்டும் விழுந்தால் ஏனையோர் இழப்பீட்டை இழப்பர். மேலும், முன்னர் எழுதிய பதிவு இருக்குமாயின், கருவி முறை பற்றிய சச்சரவுகளில் பாதி தம்மிடம் வாராமலே தீரும்.

பொதுவிற் பேசினால் மரியாதை குறையும் என்று பெரிய நிலக்காரர் சிலர் முதலில் தயங்கினர். ஆனால் புழுவுக்கு வரப்பு ஏது? அண்டை வயல் காக்கப்பட்டாலன்றித் தம் வயலும் காவலற்றதே என்பதை அவர்கள் கண்டுகொண்டனர். அடுத்த பட்டத்தில் சுரண்டிய இலையின் முதற்படம் மேற்கூறிய அம்மையாரின் வயலிலிருந்தே குழுவுக்கு வந்தது. அண்டை வீட்டுப் பையன் எடுத்து அனுப்பினான். அன்று மாலையே பலரும் தத்தம் வயல்களைச் சுற்றிப் பார்த்தனர். அவருக்கு முன்பட்டத்தில் நேர்ந்த நஷ்டம் ஈடாகவில்லை. எனினும் அந்தப் பட்டத்தில் செய்தி கடைமடை வரை சென்றது.

குழு வைத்திருக்கும் விவசாயிகள் இம்மாதமே ஒரு நாள் கூடி, மேற்கண்ட முறைகளில் தமக்கு ஏற்றவற்றை எழுதி, அதைக் குழுவின் முதற் செய்தியாகப் பதிவார்களாக.